மூன்று தீபாவளி ஓடிய படம்... இரண்டு தீபாவளி சிறையில் இருந்த நாயகன்! - திருச்சி தந்த எம்.கே.டி-யின் கதை

1944-ம் ஆண்டு, அக்டோபர் 16. தீபாவளித் திருநாள். சென்னை பிராட்வே தியேட்டரில் `ஹரிதாஸ்' வெளியானது. அடுத்த தீபாவளிக்கும் அதே தியேட்டரில் அதே படம்தான். அதற்கடுத்த தீபாவளிக்கும் அதுவேதான். மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று தமிழ் சினிமா வரலாற்றில் அதற்கென்று தனி இடம் கிடைத்துவிட்டது.

ஆனால், அந்த இரண்டாவது தீபாவளியையும் மூன்றாவது தீபாவளியையும் படத்தின் நாயகன் பார்த்தது சிறைக்குள் இருந்து. வெளியே திரையில் அவர் பாடிக்கொண்டிருக்கிறார். கூட்டம் கூட்டமாக மக்கள் டிக்கெட் வாங்கி அந்தக் குரலைக் கேட்கிறார்கள். குரலுக்குச் சொந்தக்காரர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனைக் கைதி!

அவர்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார். திருச்சிக்காரர்களுக்கு அவர் `எங்க ஊர் பாகவதர்'.

`ஜெயிலுக்குப் போனதால பாகவதர் வாழ்க்கையே முடிஞ்சுபோச்சு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மைதான் அது. அவர் வெளியே வந்தபோது குரல் அப்படியேதான் இருந்தது. மாறியிருந்தது வேறொன்று. அதைப் புரிந்துகொள்ள, திருச்சி மலைக்கோட்டைத் தெருக்களில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஓடிப்போன பையன்

தியாகராஜன் பிறந்தது மாயவரத்தில், 1910 மார்ச் 1 அன்று. அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, பொற்கொல்லர். குடும்பம் பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. மகன் நாலு எழுத்து படிக்க வேண்டும், இல்லையென்றால் பட்டறையில் உட்கார்ந்து குலத்தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. பாட்டு... பாட்டு... எங்கே பாட்டுச் சத்தம் கேட்டாலும் அங்கே போய் நின்றுவிடுவான்.

அப்பா கண்டித்ததில் ஒருநாள் வீட்டைவிட்டே ஓடிப்போனான். தேடாத இடமில்லை. கடைசியில் கடப்பாவில் இருப்பதாகத் தகவல் வந்தது. அப்பா அங்கே போய்ப் பார்த்தால், மகன் பாடிக்கொண்டிருக்கிறான். சுற்றி ஒரு கூட்டம் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருக்கிறது! அதற்குப் பிறகு அவர் மகனைத் தடுக்கவில்லை. திருச்சிக்குத் திரும்பிய பையன் பஜனைகளில் பாட ஆரம்பித்தான்.

அந்தக் குரல் சரியான ஒருவரின் காதில் விழுந்தது. அவர் எஃப்.ஜி.நடேசய்யர். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. நாடகப் பைத்தியம். 1914-ல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். பின்னாளில் `சேவாசதனம்' படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு ஜோடியாக நடித்தவரும் அவர்தான். `அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேடத்துக்குப் பாடத் தெரிந்த பையனைத் தேடிக்கொண்டிருந்தார் நடேசய்யர். தியாகராஜன் மேடை ஏறினான். பாம்பு கடித்துச் சாகும் அந்தச் சிறுவனுக்காகக் கொட்டகையே அழுதது.

`குரல் இருந்தால் போதாது, சங்கீதம் முறையாகக் கற்க வேண்டும்' என்று மதுரை பொன்னு ஐயங்காரிடம் சேர்த்துவிட்டார்கள். சில ஆண்டுகள் கடும் பயிற்சி. நடிப்புக்கு நடராஜ வாத்தியார். அதன் பிறகு `பவளக்கொடி' நாடகத்தில் அர்ஜுனன் வேடம். அவர் பாட்டைக் கேட்ட மிருதங்க மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, `இவர் பாகவதர்' என்று வாழ்த்தினார். அன்றிலிருந்து பட்டறைக்காரர் மகன் தியாகராஜன், தியாகராஜ பாகவதர் ஆனார்.

மைக் இல்லாத காலம்

அந்தக் காலத்து நாடக மேடையை இன்றைய பிள்ளைகள் கற்பனை செய்வதுகூடக் கஷ்டம். மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நாடகம். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதருக்கும், கடைசியில் மண் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் வண்டிக்காரருக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். அப்படியானால் உச்ச சுருதியில் பாட வேண்டும். பாடும்போது வார்த்தை சிதையக் கூடாது. முகமும் சுளிக்கக் கூடாது.

அந்த மேடையின் சக்கரவர்த்தியாக இருந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்துவிட்டார். அடுத்த ஆண்டே பாகவதரின் `பவளக்கொடி' திரைப்படமாக வந்தது. இயக்கியவர் கே.சுப்ரமணியம். நாடகத்தில் உடன் நடித்த எஸ்.டி.சுப்புலட்சுமிதான் படத்திலும் நாயகி. படத்தில் மொத்தம் சுமார் 50 பாடல்கள்!

அன்றைக்குப் படப்பிடிப்பே ஒரு சாகசம். சூரிய வெளிச்சத்தை நம்பித்தான் கேமரா. மேகம் வந்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். நடிப்பதும் பாடுவதும் ஒரே நேரத்தில் பதிவாகும். வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். பாட்டு நடுவே காக்கா கத்தினால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே அசராமல் பாடக்கூடியவர்தான் அந்தக் காலத்தில் ஹீரோ. நடிகர் வேறு, பாடகர் வேறு என்பதே கிடையாது.

தரை டிக்கெட்டுக்கு வந்த சங்கீதம்

1937-ல் வந்த `சிந்தாமணி' பாகவதரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. தமிழில் ஓராண்டு ஓடிய முதல் படம் என்ற பெயர் அதற்கு உண்டு. அதில் கிடைத்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டினார்கள். அதற்குச் `சிந்தாமணி' என்றே பெயரும் வைத்தார்கள். அதே ஆண்டு `அம்பிகாபதி'. இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாத அவர் எடுத்த கம்பர் மகனின் காதல் கதையைத் தமிழ்நாடே கொண்டாடியது.

அதன் பிறகு `திருநீலகண்டர்', `அசோக் குமார்', `சிவகவி' என்று வரிசையாக வெற்றிகள். `அசோக் குமார்' படத்தில் சின்ன வேடம் ஒன்றில் நடித்த இளைஞரின் பெயர் எம்.ஜி.ராமச்சந்திரன்.

பாகவதரின் வெற்றிக்குப் பின்னால் ஒரு கூட்டணி இருந்தது. பாட்டு எழுதி மெட்டமைத்தவர் பாபநாசம் சிவன். அந்தப் பாட்டுக்கு இசை சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஜி.ராமநாதன். இவரும் நம்ம ஊர்ப் பக்கம்தான். ஸ்ரீரங்கத்தில் இருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் அக்கரையில் வரும் பிச்சாண்டார்கோவில்தான் ராமநாதனின் ஊர். அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபங்களுக்கு ஹார்மோனியம் வாசித்து வளர்ந்தவர்.

சங்கீதம் என்றால் சபா. சபா என்றால் டிக்கெட், அழைப்பிதழ், முன்வரிசை மரியாதைகள். எல்லோரும் நுழைந்துவிட முடியாத இடம். பாகவதரின் படங்கள் அந்தக் கதவைத் திறந்துவிட்டன. `ஹரிதாஸ்' படத்தில் சாருகேசி ராகத்தில் வரும் அந்தப் பாட்டு உங்களுக்கே தெரிந்திருக்கும். டி.ஆர்.ராஜகுமாரி ஆட, பாகவதர் குறும்புச் சிரிப்போடு பாடுவாரே... அதுதான்! `சாருகேசி' என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்கள் அந்த ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். தறி ஓட்டுபவரும் மாட்டுவண்டி ஓட்டுபவரும் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கர்னாடக சங்கீதம் கேட்டார்கள். ஒரு பொற்கொல்லரின் மகன் செய்த காரியம் இது.

பாட்டோடு நிற்கவில்லை மோகம். தோள்வரை புரளும் அந்தச் சுருள் முடி `பாகவதர் கிராப்' ஆனது. பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு என்று அவரைப் போலவே இளைஞர்கள் அலங்கரித்துக்கொண்டார்கள். அவர் ரயிலில் வருகிறார் என்று தெரிந்தால் ஸ்டேஷன்களில் கூட்டம் கூடிவிடும், பாடினால்தான் வண்டியைப் போகவிடுவார்கள் என்றெல்லாம் சொல்வதுண்டு. பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் இருந்து வந்த பி.யு.சின்னப்பாதான் அவருக்குப் போட்டி. ரஜினி - கமல், விஜய் - அஜித் சண்டைகளுக்கெல்லாம் முன்னோடி பாகவதர் - சின்னப்பா ரசிகர் சண்டை!

ஒரு மஞ்சள் பத்திரிகையும் ஒரு கொலையும்

அந்தக் காலத்தில் சி.என்.லட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். `சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எதையாவது எழுதுவதுதான் அதன் வேலை. எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. பொறுக்க முடியாமல் பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னருக்கு மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் அசரவில்லை. `இந்துநேசன்' என்ற இன்னொரு பத்திரிகையில் தன் வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் கை ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். `ஹரிதாஸ்' வெளியாகி அப்போது ஒரு மாதம்கூட முடிந்திருக்கவில்லை.

டிசம்பர் 27 அன்று பாகவதர் கைது செய்யப்பட்டார். என்.எஸ்.கிருஷ்ணனும், ஸ்ரீராமுலு நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1945-ல் ஜூரிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. நாடே அதிர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியானது.

அன்றைக்கு இந்தியர்களுக்கு இருந்த கடைசி வாசல், லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். வழக்கு கடல் கடந்து போனது. பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. இந்த முறை நடிகர்களுக்காக வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் வி.எல்.எத்திராஜ். சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரியை நிறுவியவர் இவர்தான். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தது.

ஏறத்தாழ 28 மாதங்கள் போய்விட்டன. வழக்குச் செலவில் சொத்துகள் கரைந்தன. கைதானபோது பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு ஒப்பந்தமாகி இருந்தார் என்பார்கள். எல்லாம் கைவிட்டுப் போயின. அவர் நடிக்க வேண்டிய `உதயணன் வாசவதத்தா' படத்தில் சங்கீத வித்வான் ஜி.என்.பாலசுப்ரமணியம் நடித்தார். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

வெளியே வந்தார்... ஊர் மாறியிருந்தது!

சிறையில் இருந்து வெளியே வந்த சில மாதங்களில் நாடு சுதந்திரம் அடைந்தது. பாகவதர் சொந்தமாகவே `ராஜமுக்தி' படத்தைத் தொடங்கினார். புனே பிரபாத் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு. உடன் நடித்தவர்கள் பி.பானுமதி, வி.என்.ஜானகி, எம்.ஜி.ஆர். எம்.எல்.வசந்தகுமாரி பின்னணிப் பாடகியாக அறிமுகமானது இந்தப் படத்தில்தான். வசனம் எழுதப் போனவர் யார் தெரியுமா? புதுமைப்பித்தன்! புனேவில் காசநோய் முற்றி ஊர் திரும்பிய அவர், 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். படம் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வெளியானது. ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை? `ஜெயிலுக்குப் போன மனுஷன்' என்று மக்கள் ஒதுக்கிவிட்டார்களா? அப்படியென்றால் கலைவாணரும் அதே சிறையில் இருந்தவர்தானே! அவர் வெளியே வந்து `நல்லதம்பி', `மணமகள்', `பணம்' என்று மறுபடி ஜொலித்தார். மக்கள் அவரை முன்னைவிட அதிகமாகவே கொண்டாடினார்கள்.

வித்தியாசம் இங்கேதான். கலைவாணரின் ஆயுதம் பேச்சு. தமிழ் சினிமா அப்போது பேச்சின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 1949-ல் அண்ணாவின் `வேலைக்காரி'. 1950-ல் கலைஞர் வசனத்தில் `மந்திரிகுமாரி'. 1952-ல் `பராசக்தி'. புராணமும் ராஜா கதையும் பார்த்த ஜனங்கள், கோர்ட் கூண்டில் நின்று கேள்வி கேட்கும் இளைஞனுக்குக் கைதட்டினார்கள். அதே 1952-ல்தான் பாகவதரின் `அமரகவி'யும், `சியாமளா'வும் வந்தன. ஐம்பது பாட்டு கேட்ட காதுகள், இப்போது பக்கம் பக்கமான வசனத்துக்குப் பழகிவிட்டன.

இன்னொரு மாற்றம் அதைவிடப் பெரியது. பின்னணிப் பாடல்! ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கும் வித்தை நிலைபெற்றுவிட்டது. இனி ஹீரோவுக்குப் பாடத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அழகாக இருக்க வேண்டும், கத்திச்சண்டை போட வேண்டும், வசனம் பேச வேண்டும். பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

இந்தியா முழுக்க நடந்த மாற்றம் இது. வடக்கே பாடி நடித்து நாட்டையே கட்டிப்போட்ட கே.எல்.சைகல், 1947 ஜனவரியில் 42 வயதில் இறந்துபோனார். இங்கே பி.யு.சின்னப்பா 1951-ல் 35 வயதில் போய்விட்டார். பாடி நடிப்பவர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. பாகவதர் அந்தக் காலத்தின் கடைசி ராஜா. சிறைவாசம் பறித்தது அவருடைய கடைசி நல்ல ஆண்டுகளை. வழக்கே இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த அலை வந்தே தீர்ந்திருக்கும். என்ன, இத்தனை ஈவிரக்கமில்லாமல் ஒரே நாளில் வந்திருக்காது.

கடைசி நாள்கள்

அவர் சும்மா இருந்துவிடவில்லை. கச்சேரிகள் செய்தார். 1957-ல் `புதுவாழ்வு' படத்தைத் தானே இயக்கி நடித்தார். அதே ஆண்டு `அம்பிகாபதி'யை சிவாஜி கணேசனை வைத்துப் புதிதாக எடுத்தார்கள். கம்பர் வேடத்துக்கு முதலில் பாகவதரைத்தான் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார் என்பார்கள். எம்.கே.ராதா அந்த வேடத்தில் நடித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு தான் நாயகனாக நின்ற கதையில் அப்பா வேடம்... எந்தக் கலைஞனுக்கும் சுலபமில்லை.

சர்க்கரை நோய் உடம்பை அரித்துக்கொண்டிருந்தது. பார்வையும் மங்கியது. 1959 நவம்பர் 1 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பாகவதர் காலமானார். வயது 49. அவர் உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கடைசிப் படமான `சிவகாமி' அவர் மறைந்த பிறகு 1960-ல் வந்தது.

குரல் எங்கே போனது?

இங்கே கதையை முடித்துவிட்டால் அது வெறும் சோகக் கதை. உண்மையில் அந்தக் குரல் சாகவில்லை. வேறு வேறு தொண்டைகளில் தங்கிவிட்டது.

மதுரையில் ஓர் இளைஞர் பாகவதர் பாட்டுகளை அப்படியே அச்சு அசலாகப் பாடிக்கொண்டிருந்தார். 1950-ல் வெளியான `கிருஷ்ண விஜயம்' படத்தில் அவருக்கு வாய்ப்பு வந்தது. அவர் பாடிய முதல் பாட்டே, `சிந்தாமணி'யில் பாகவதர் பாடிய ஒரு பாட்டின் மெட்டில் அமைந்ததுதான்! அந்த இளைஞர் டி.எம்.சௌந்தரராஜன்.

டி.எம்.எஸ் பெரிய ஆளானதில் இன்னொரு திருச்சிக்காரருக்கும் பங்கு உண்டு. அவர் திருச்சி லோகநாதன். மலைக்கோட்டைப் பகுதியில் 1924-ல் பிறந்தவர். பாகவதரைப் போலவே இவருடைய அப்பாவும் பொற்கொல்லர். பாகவதர் பாடி நடித்தவர்களின் கடைசி ராஜா என்றால், லோகநாதன் பின்னணிப் பாடகர்களின் முதல் வரிசையில் வந்தவர். `மந்திரிகுமாரி' படத்தில் ஜிக்கியோடு அவர் பாடிய டூயட்டை இன்றைக்கும் டி.வி-யில் கேட்கலாம். மலை உச்சியை நோக்கிக் காதலியை அழைத்துப்போகும் அந்தப் பாட்டுதான். இசை? ஸ்ரீரங்கத்துக்கு அக்கரையில் இருந்து வந்த அதே ஜி.ராமநாதன்!

1954-ல் `தூக்குத் தூக்கி' படத்துக்கு முதலில் லோகநாதனைத்தான் அழைத்தார்கள். சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. `மதுரையில் இருந்து ஒரு பையன் வந்திருக்கிறான், நன்றாகப் பாடுகிறான், அவனைப் பாடவையுங்கள்' என்று கைகாட்டிவிட்டுப் போய்விட்டார் என்று இசையுலகில் ஒரு கதை உண்டு. அந்தப் படத்தில்தான் டி.எம்.எஸ் குரல் சிவாஜிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கும் இசை ஜி.ராமநாதனே. 1957-ல் வந்த புதிய `அம்பிகாபதி'யிலும் இசை ராமநாதன், சிவாஜிக்குக் குரல் டி.எம்.எஸ். பாகவதர் விட்ட இடத்தில் இருந்து அவருடைய கூட்டாளியும், அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவரும் தொடர்ந்தார்கள்.

சங்கிலி இன்னும் நீளும். ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜன் என்ற இளைஞர், திருச்சி வானொலிக்கு நாடகமும் பாட்டும் எழுதிக்கொண்டிருந்தார். முருகன்மீது தான் எழுதிய ஒரு பாடலை ஓர் அஞ்சலட்டையில் எழுதி டி.எம்.எஸ்ஸுக்கு அனுப்பினார். டி.எம்.எஸ் அதற்கு மெட்டமைத்துப் பாடினார். `சென்னைக்கு வாருங்கள்' என்றும் அழைத்தார். அந்த ரங்கராஜன்தான் கவிஞர் வாலி!

காவிரிக்கு இந்தப் பக்கம் மலைக்கோட்டை, அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம், கொள்ளிடம் தாண்டினால் பிச்சாண்டார்கோவில். சில மைல் சுற்றளவுதான். தமிழ் சினிமாப் பாட்டின் பாதிக் கதை இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதில் முதல் ஆள் பாகவதர்.

மறந்துவிட்டோமா?

`ஹரிதாஸ்' ஒரே தியேட்டரில் 750 நாள்களுக்கும் மேல் ஓடியது. அந்தச் சாதனையை முறியடிக்க ரஜினியின் `சந்திரமுகி' வர வேண்டியிருந்தது. இடையில் அறுபது ஆண்டுகள்! திருச்சியில் பாகவதருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. முத்தரையர், சர் ஏ.டி.பன்னீர்செல்வம் ஆகியோரின் மணிமண்டபங்களோடு சேர்ந்து அமைந்திருக்கிறது அது. தாமதமான மரியாதைதான். இருந்தாலும் மனதுக்கு நிறைவு.

சிலையைவிட நல்ல நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. உங்கள் கையில் இருக்கும் போனில் `ஹரிதாஸ்' படப் பாடல்களைத் தேடிப் பாருங்கள். படத்தின் கதை சுருக்கமாக இதுதான்: பெற்றோரை வீட்டைவிட்டு விரட்டும் ஓர் ஆடம்பரக்காரன், எல்லாவற்றையும் இழக்கிறான், கால்களையும் இழக்கிறான். திருந்தி, பெற்றவர்களின் காலடியில் விழுகிறான். உச்சத்தில் இருந்தவன் ஒரே நாளில் கீழே விழும் அந்தக் கதையில் நடித்து முடித்த கையோடு, பாகவதரின் சொந்த வாழ்க்கையும் அதே போலத் திரும்பியதை நினைத்தால் மனம் கனக்கும்.

முதலில் இரைச்சலாகத்தான் இருக்கும். எண்பது வருடப் பழைய ஒலிப்பதிவு அல்லவா! ஒரு நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் மேலே ஏறும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். அடுத்த வரியை அவர்கள் பாடிவிடுவார்கள்!

பாகவதர் நடித்த 14 படங்கள்

பவளக்கொடி (1934), நவீன சாரங்கதரா (1936), சத்தியசீலன் (1936), சிந்தாமணி (1937), அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), அசோக் குமார் (1941), சிவகவி (1943), ஹரிதாஸ் (1944), ராஜமுக்தி (1948), அமரகவி (1952), சியாமளா (1952), புதுவாழ்வு (1957), சிவகாமி (1960).